அண்ணையின் கையில் என் வாக்கு

லண்டனில் எனக்கு மறுபடியும் வாக்குரிமை வந்துவிட்டது என்ற செய்தியைக் கனடாவின் மிசிசாகாவில், வேலையிடத்துச் சாப்பாட்டறையில், ஆறிப்போன புட்டுக்கு முன்னால் இருந்தபடி ஃபோனில் படித்தேன். நாட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம் கடந்த பிரித்தானியக் குடிமக்கள் அங்கே வாக்களிக்க முடியாது என்றொரு விதி இருந்தது. அதை நீக்கிவிட்டார்கள். இனி எத்தனை வருடம் வெளியே இருந்தாலும், கடைசியாக எந்த முகவரியில் வாழ்ந்தோமோ அந்தத் தொகுதியில் வாக்குப் போடலாம். நான் கடைசியாக வாழ்ந்தது அண்ணையின் வீட்டில். வடமேற்கு லண்டனில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் வீடு அது.

மனைவி இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீடு இருக்கும் விட்பியில் இருந்து மிசிசாகாவுக்குத் தினமும் கார் ஓடிக் களைத்து வருகிற மனிசனுக்கு இன்னொரு நாட்டின் அரசியல் எதற்கு என்பது அவளுடைய எண்ணம்.

“இஞ்ச எலக்சன் வந்தா வேலை முடிஞ்சு நேர போய் லைன்ல நிக்கிறீங்கள். அது காணாதே? விட்டிட்டு வந்த ஊரில உங்களுக்கு என்னத்துக்கு வோட்டு?”

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகள்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கும். அந்த வருடம் பிரித்தானியாவில் நடக்கவிருந்த தேர்தலில், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை விட்டு நாடு வெளியேற வேண்டும் என்று சிலர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்ப முடியாமல் அது கையைக் கட்டிப் போடுகிறதாம். செய்தியில் அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்கு மனம் சரியில்லை. அப்படிக் கட்டப்பட்ட ஒரு கையில் இருந்து தப்பியவன் நான். அதை இவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் என்பதால் மறுபடி சொல்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

எனக்கு அது பத்திரிகையில் படித்து அறிந்த சட்டம் அல்ல. லண்டனுக்கு வந்து சில வருடங்களில் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கம்போலக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் பிடித்து, விமான நிலையத்துக்கு அருகே இருந்த தடுப்பு முகாமில் அடைத்தார்கள். கொழும்புக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று ஓர் அதிகாரி மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதை என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. பக்கத்துக் கட்டிலில் வேறொரு நாட்டுக்காரன் இருந்தான். கடையில் திருடி அகப்பட்டுச் சிறைக்குப் போய் வந்தவன். இவனோடு என்னையும் ஒன்றாக வைத்துவிட்டார்களே என்று எனக்கு மானம் போயிற்று. அவனுடைய வக்கீலும் என்னுடைய வக்கீலும் பிடித்துத் தொங்கியது ஒரே சட்டத்தைத்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணை. வயதில் என்னைவிட நன்றாக மூத்தவர். எனக்கு முன்பே லண்டனுக்குப் போய், வதிவிட அனுமதியும் எடுத்து, என்னையும் கூப்பிட்டவர். விசாரணை நாளன்று தன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் வேலை முடித்துத் தூங்காமல் வந்த கண்கள். தம்பியை அனுப்பிவிட்டால் என்ன நடக்கும் என்று நீதிபதி கேட்டார். அண்ணை, “அவன் தனியச் சாப்பிடமாட்டான் ஐயா” என்றார். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார், பிறகு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். வளர்ந்த ஆம்பிளை எனக்குத் தலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீதிபதி சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டார். அந்த உடன்படிக்கையில் உள்ள குடும்ப வாழ்க்கைக்கான உரிமை என்ற ஒரே விஷயத்தின் பேரில் என்னை அங்கே இருக்க விட்டார்கள்.

அந்த உரிமையை இனி வரப்போகிறவனுக்கு இல்லாமல் செய்வதா என்று கேட்கிறபோது, நான் பேசாமல் இருப்பது எப்படி? ஒரு வாக்கால் ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு பிடிவாதமாக நான் அண்மையில் எதையும் விரும்பியதில்லை.

வாக்கைத் தபாலில் போடலாம். ஆனால் சீட்டு கடல் கடந்து வந்து, புள்ளடிக் குறி போட்டுத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் தேர்தல் முடிந்துவிடும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள். இன்னொரு வழி, அங்கே இருக்கிற ஒருவரை எனக்குப் பதிலாக நியமிப்பது. அவர் வாக்குச்சாவடிக்குப் போய்த் தன் சீட்டோடு என் சீட்டையும் வாங்கி, நான் சொல்கிற ஆளுக்குப் போடுவார். அவர் உண்மையில் யாருக்குப் போட்டார் என்பதை எவரும் பார்க்க முடியாது. திரைக்குப் பின்னால் அவரும் பென்சிலும் மட்டும்தான்.

அண்ணையின் மகள் லண்டனில் பிறந்தவள், இதிலெல்லாம் அக்கறை உள்ளவள். விஷயத்தைச் சொன்னதும், “என்னைப் போடுங்கோ சித்தப்பா. ஜஸ்ட் டெல் மீ ஹூ. ரெண்டு நிமிசத்தில முடிச்சிடுவன்” என்றாள். அவள் நான் நினைப்பது போலவே நினைக்கிறவள். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

நான் அண்ணையின் பெயரைக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், எங்கள் குடும்பத்தில் எந்த அலுவலையும் மூத்தவரைத் தாண்டிச் செய்வதில்லை. என் கலியாணக் கார்ட்டில் அழைப்பவர் அவர். என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்துத் தந்ததும் அவர்தான், லண்டனில் இருந்து ஃபோனில். நான் அவர் வீட்டில் இருந்த காலத்தில், கொமன்வெல்த் நாட்டவர் என்பதால் பாஸ்போர்ட் கிடைக்க முன்னரே எங்களுக்கு அங்கே வாக்கு இருந்தது. தேர்தல் வந்தால் சாப்பாட்டு மேசையில் அண்ணை ஒரு பெயரைச் சொல்வார், அண்ணியும் நானும் அதற்கே போட்டுவிட்டு வருவோம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருக்க, அவருடைய மகளிடம் வாக்கைக் கொடுப்பது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். வெள்ளைக்காரன் என்றால் தன்னுடைய கொள்கைக்காரனைத் தேடிக் கொடுத்திருப்பான். நான் வயதுக்கு மூத்தவரைத் தேடிக் கொடுத்தேன்.

“அவர் இப்ப ஆருக்குப் போடுறவர் எண்டு கேட்டீங்களே?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் கேக்கிற விசயமே? நான் சொல்லுறதை அண்ணை செய்வார்.”

“இவ்வளவு காலமும் அவர் சொல்லுறதை நீங்கள்தானே செய்தனீங்கள்,” என்று சொல்லிவிட்டு அவள் காயப்போட்ட உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு காலையில் நான் அண்ணைக்கு ஃபோன் எடுப்பது வழக்கம். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். எப்போதும் நான்தான் எடுப்பேன். இளையவன் எடுக்க வேண்டும், மூத்தவர் கதைப்பார். விஷயத்தைச் சொன்னபோது அவருக்குச் சந்தோசமாக இருந்தது, குரலிலேயே தெரிந்தது.

“ஓமடா, நான் போடுறன். உது என்ன பெரிய வேலையே. அடையாளத்துக்கு என்ர பஸ் பாஸைக் காட்டினாச் சரி. ஆருக்குப் போட?”

அந்தத் தொகுதியில் நின்றவர்களில், உடன்படிக்கையில் நாடு இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவந்த ஓர் இளம் பெண்ணின் பெயரைச் சொன்னேன். மறுபக்கம் ரயில் போவது கேட்டது.

“அந்தப் பெட்டைக்கோ? உவை வந்தா உள்ள கதவையும் கழற்றி விடுவினம்.”

“அண்ணை, அவ மட்டும்தான் அந்தச் சட்டத்தை வைச்சிருக்கோணும் எண்டு நேர சொல்லுறா.”

“நீ இஞ்ச இருந்து பாக்கோணும். டொக்டரைப் பாக்க எத்தினை கிழமை நிக்கிறன் எண்டு தெரியுமே? உன்ர பெறாமகள், என்ர பிள்ளை, படிச்சு நல்ல வேலை செய்யிறாள், ஒரு சின்ன ஃபிளாட் வீடு வாங்க வழியில்லை. போட்ல வந்து இறங்கிறவங்களை ஹோட்டல்ல வைச்சிருக்கிறாங்கள். எல்லாத்துக்கும் ஒரு அளவு வேணும்.”

“நாங்கள் எப்பிடி வந்தனாங்கள்? விசா குத்தியோ வந்தனாங்கள்?”

“நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள்.”

“அவங்கள் பொழுதுபோக்குக்கோ வாறாங்கள்?”

மூத்தவரிடம் நான் இந்தக் குரலில் கதைத்தது இல்லை. என் மகள் படியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. “அந்தச் சட்டம் இல்லாட்டி என்னைப் பிளேனில ஏத்தி விட்டிருப்பாங்கள். உங்களுக்கு மறந்துபோச்சோ?” என்று கேட்டேன்.

அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு மறக்கேல்லை. நீதான் மறந்தனி. அண்ணையை விட்டிட்டு இருக்கேலாது எண்டு சொல்லித்தானே அந்தச் சட்டத்தில நிண்டனாங்கள்? பாஸ்போட் வந்திது, கலியாணம் எண்டு கனடாவுக்குப் போனாய். நான் மறிச்சனானே? ஒரு சொல்லுச் சொன்னனானே? ஆனபடியா சட்டம் சட்டம் எண்டு எனக்குப் படிப்பிக்காதை.”

“அது என்ர வோட்டு அண்ணை,” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன். அவர் வைக்குமுன் நான் வைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னதை நான் பல நாட்கள் காரில் போகும்போதும் வரும்போதும் மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். உரிமை என்பது நன்றாக நடந்துகொள்வேன் என்று வாக்குக் கொடுத்து வாங்குகிற ஒன்றல்ல. அண்ணையோடு வாழ உரிமை இருக்கிறது என்றால், பிறகு ஒருநாள் வேறு இடம் போகவும் உரிமை இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரன் நல்லவனா கெட்டவனா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. நல்லவர்களுக்கு மட்டும் என்று எழுதினால், யார் நல்லவர் என்று முடிவு செய்கிறவனின் காலில் எல்லாரும் விழவேண்டி வரும். இதையெல்லாம் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் ஊர்ந்த லொறிகளுக்கு மிகத் தெளிவாக எடுத்துச் சொன்னேன். லொறிகள் மறுத்துப் பேசவில்லை.

நான் கனடாவுக்கு வந்ததில் தவறு செய்தேன் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று எந்தச் சட்டத்துக்குள்ளும் வராதது. நான் பக்கத்தில் இல்லாமல் அண்ணை ஏங்கியிருக்கிறார். இத்தனை வருடமும் அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். அதை நினைத்தால் என் வாதம் எல்லாம் ஓய்ந்துவிடும், பிறகு கோபம் மறுபடி வரும்.

அடுத்த ஞாயிறு நான் ஃபோன் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. பதிலாளை மாற்றுவதற்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. மனைவி அதை நினைவுபடுத்தினாள்.

“மாத்திப்போட்டு அவற்ற பிள்ளைக்குக் குடுங்கோ. உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.”

“அவரிட்டக் குடுத்ததைப் பறிச்சு அவற்ற மகளிட்டக் குடுக்கிறதோ? அதுக்குப் பிறகு நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கேலாது.”

“இப்ப மட்டும் மிதிக்கிறீங்களோ?” என்றாள். நான் லண்டனுக்குப் போய் எவ்வளவோ காலம். வேலை, பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஒவ்வொரு கோடையிலும் ஒரு காரணம் இருந்தது. மாற்றுகிற நாளும் கடந்து போயிற்று.

அதன்பிறகு பயம் பிடித்தது. அண்ணை என் வாக்கைத் தன் ஆளுக்குப் போட்டுவிடுவார் என்ற பயம். எந்தச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைத்தேனோ, அதை உடைக்கக் கேட்கிற ஆளுக்கு என் பெயரிலேயே ஒரு புள்ளடி விழும். அப்படி நடந்தாலும் நான் அறியப்போவதில்லை. வாக்கு இரகசியமானது என்பதை நான் எவ்வளவு பெருமையாக என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த இரகசியம் இப்போது எனக்கு நெஞ்சில் கல்லாக இருந்தது. சொந்த அண்ணையைப் போய் இப்படிச் சந்தேகிக்கிறேனே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

தேர்தல் நாளும் வேலை நாள்தான். ரொறன்ரோவில் நல்ல வெயில். மாலையில் மிசிசாகாவில் இருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். அங்கே வாக்குச்சாவடிகள் மூடுகிற நேரம், எனக்கு வேலை முடிந்து வீதியில் நிற்கிற நேரம். கார்கள் அசையவில்லை. முடிந்தது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது ஃபோன் அடித்தது. காரின் திரையில் ‘அண்ணை’ என்று விழுந்தது. அவர் எனக்கு எடுத்ததே கிடையாது. அண்ணிக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“எங்க நிக்கிறாய்?”

“ரோட்டில அண்ணை. வீட்டை போறன். என்ன, ஆருக்கும் சுகமில்லையோ?”

“எல்லாரும் சுகம். காரை எங்கயாவது நிப்பாட்டு. ஓடிக்கொண்டு கதைக்காதை.”

அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பிளாசாவின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவர் பேசினார்.

“போட்டிட்டன். ரெண்டும் போட்டிட்டன். உன்ரயை நீ சொன்ன பெட்டைக்கு. என்ரயை என்ர ஆளுக்கு. ஒண்டை ஒண்டு அடிச்சுப்போட்டுது. நான் வீட்டில காலை நீட்டிக்கொண்டு இருந்திருந்தாலும் இதுதான் வந்திருக்கும்.”

“அப்ப ஏன் அண்ணை போனனீங்கள்?” என்று கேட்டேன்.

“உன்ர வோட்டை என்னட்டத் தந்திட்டியே. நான் போகாட்டி அது போடாத வோட்டெல்லே.” மூச்சு விட்டார். “நான் பொய் சொல்லேல்லை. உன்ர சீட்டை வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டனான். என்ர ஆளுக்கு ரெண்டாப் போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியவராது. உனக்கும் தெரியாது. பென்சிலை அவன்ர பேருக்கு நேர கொண்டும் போனனான்.”

நான் என்ஜினை அணைத்தேன்.

“நீ அப்ப சின்னன், உனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில என்ர முதல் வோட்டுக்கு ஷேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனனான். பேரைச் சொன்னன். உம்மட வோட்டுப் போட்டாச்சு, போம் எண்டாங்கள். ஆரோ ஒருத்தன் என்ர பேரில வந்து போட்டிட்டுப் போயிட்டான். வாயைத் திறந்து கேக்கிற காலமே அது? வீட்டை வந்து அப்பாட்ட, போட்டிட்டன் எண்டு சொன்னனான். என்ர விரலில மை இல்லாததை அப்பா பாத்தவர். ஒண்டும் கேக்கேல்லை.”

குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். “அந்தக் கள்ளன்ர வேலையை நான் உனக்குச் செய்யேலாது. அதுக்காக நீ சொல்லுறது சரியெண்டு நினைச்சுப்போடாதை. உந்தச் சட்டம் வேண்டாம் எண்டுதான் நான் இப்பவும் நினைக்கிறன்.”

“ஓம் அண்ணை,” என்றேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சத்தம் வைத்தே அழுதேன். என் கருத்து அவருக்குப் பிடிக்கவில்லை. என்னில் அவருக்கு ஆறாத மனக்குறையும் இருக்கிறது. எவரும் பார்க்காத ஒரு திரைக்குப் பின்னால் என் உரிமை முழுவதும் அவருடைய கையில் இருந்தது. அவர் தன் விருப்பத்துக்கு எதிராக அதைக் காப்பாற்றித் தந்திருக்கிறார். அந்த நாட்டில் யார் வென்றார்கள் என்பது அப்போது இன்னும் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது எனக்கு முக்கியமாகவும் படவில்லை.

அவர் நான் அழுது முடிக்கும்வரை ஃபோனில் இருந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

“சரி, சரி. அடுத்தமுறை என்னட்டத் தராதை. விருப்பமில்லாத ஆளுக்குப் புள்ளடி போட என்னால இன்னொருக்கா ஏலாது. நீயே வந்து போடு.”

“வாறன் அண்ணை. அடுத்த எலக்சனுக்குக் கட்டாயம் வாறன்.”

மறுபக்கத்தில் ரயில் ஒன்று போயிற்று.

“எலக்சன் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இராதை,” என்றார் அண்ணை.